மன்னார் உதிரிப்பாக வர்த்தகர்களும் கம்பனிகளின் நேரடி விற்பனையும்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையோரத்திலும் வாழும் மக்களின் அன்றாட வாழ்வு இரண்டு சிறிய இயந்திரங்களில் தங்கியிருக்கின்றது என்றால் அது மிகையாகாது. ஒன்று, கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரம். மற்றையது மோட்டார் சைக்கிள். பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, சிலாவத்துறை என எந்தக் கரையை எடுத்துக்கொண்டாலும் தொழிலுக்குப் போவதற்கு முதலாவது இயந்திரமும், பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கு இரண்டாவது இயந்திரமும் வேண்டும். இரண்டில் எது நின்றாலும் அன்றைய உழைப்பு நின்றுவிடும்.

இந்த இயந்திரங்களை ஓடவைத்துக் கொண்டிருப்பவர்கள் மன்னார் நகரிலும் கிராமச் சந்திகளிலும் உள்ள சிறு உதிரிப்பாக வர்த்தகர்களும் அவர்களை நம்பியிருக்கும் திருத்துநர்களுமே. இன்று இவர்கள் எதிர்நோக்கும் பிரச்சினை, பக்கத்துக் கடைக்காரரின் போட்டியல்ல. தமக்குப் பொருள் வழங்கும் கம்பனியே தமது வாடிக்கையாளருக்கும் நேரடியாக விற்பனை செய்வதுதான் அவர்களது பிரச்சினை. வழங்குநரே போட்டியாளராகவும் மாறும்போது, அந்தப் போட்டியின் விலையையும் விதிகளையும் அவரே தீர்மானிக்கின்றார் என்பதை எவரும் இலகுவில் விளங்கிக் கொள்ளலாம்.

எமது நாட்டைப் பொறுத்தவரை உற்பத்தியாளர் என்பவர் பெரும்பாலும் இந்தியாவிலோ ஜப்பானிலோ சீனாவிலோ இருப்பவர். அவர் சார்பில் கொழும்பில் ஒரு முகவர் நிறுவனம் இருக்கும். பஜாஜ் மோட்டார் சைக்கிள்களுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் டேவிட் பீரிஸ் கம்பனி இருப்பதைப் போன்று ஒவ்வொரு வர்த்தகப் பெயருக்கும் ஒரு முகவர் உண்டு. வண்டியை இறக்குமதி செய்பவரும் அதன் அசல் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்பவரும் ஒருவரே. ஆகவே நாம் இங்கு நேரடி விற்பனை என்று கூறுவது, தொழிற்சாலை தானே கடை திறப்பதை மட்டுமல்ல. முகவர் நிறுவனம் இடைநிலை விநியோகத்தரையும் உள்ளூர்க் கடைக்காரரையும் கடந்து, தனது காட்சியறை, சேவை நிலையம், தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் வழியாகப் பாவனையாளரின் கைக்கே பொருளைக் கொண்டு சேர்ப்பதையும் சேர்த்துத்தான்.

முன்னர் இது மன்னாருக்கு எட்டாத விடயமாக இருந்தது. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம், சோதனைச் சாவடிகள், உடைந்த வீதிகள் என்பன எந்தக் கம்பனியையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க விடவில்லை. மன்னார் வர்த்தகர் தானே பஞ்சிகாவத்தைக்குச் சென்று, கடைகடையாக ஏறி இறங்கி, விலை பேசி, சாக்கில் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பினார். போர்க்காலத்தில் உதிரிப்பாகங்களும் மின்கலங்களும் வடக்கின் கட்டுப்பாடற்ற பகுதிகளுக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. மாந்தை, மடுப் பகுதிகளில் பழைய மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைவினைத் திறமை அந்தப் பஞ்சத்தில் பிறந்ததுதான்.

அதற்கு முன்னரே இன்னொரு பேரிடி விழுந்திருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, ஏறத்தாழ 75,000 பேர் தமது ஊர்களை இழந்தனர். அவர்களில் பெரும் பகுதியினர் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கடைகளும் கையிருப்புப் பொருட்களும் வரவேண்டிய கடன்களும் அப்படியே விடப்பட்டன. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் தகரக் கொட்டகைகளில் மீண்டும் தொழிலைத் தொடங்கியவர்கள் சிலர், 2009 இற்குப் பின்னர் ஊர் திரும்பி மூன்றாவது தடவையாகத் தொடங்கினார்கள். தமிழ் வர்த்தகர்களின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. இடம்பெயர்வுகள், எரிக்கப்பட்ட கடைகள், இந்தியாவுக்குப் படகேறிய வருடங்கள் என்று அவர்களும் முதலை இழந்து இழந்து மீண்டவர்களே. ஆகவே மன்னாரில் ஓர் உதிரிப்பாகக் கடையின் முதல் என்பது வெறும் பணமல்ல. நம்பிக்கையின் பேரில் பஞ்சிகாவத்தை மொத்த வியாபாரி கொடுத்த பொருளும், நம்பிக்கையின் பேரில் மீனவருக்குக் கொடுக்கப்பட்ட கடனும்தான் அதன் பெரும் பகுதி.

போர் முடிந்த பின்னர் வீதிகள் வந்தன. 2010 மார்ச்சில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, யாழ்ப்பாணம் மன்னாருக்கு அருகில் வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. இவை அனைத்தும் மக்கள் வேண்டி நின்றவையே. ஆனால் தூரம் என்பதுதான் அதுவரை உள்ளூர்க் கடைக்காரரின் அரணாக இருந்தது என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வந்த அதே வீதியில் கம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளும் வந்தார்கள். வண்டி, லீசிங், காப்புறுதி, இலவச சேவை, அசல் உதிரிப்பாகம் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் என்பது அவர்களின் விற்பனை முறை. ஒரு மோட்டார் சைக்கிளை விற்பதில் கிடைக்கும் இலாபம் ஒரு தடவைக்குரியது. அந்த வண்டி ஓடும் 10, 15 வருடங்களுக்கு அதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களில் கிடைக்கும் இலாபமோ தொடர்ந்து வருவது. கம்பனிகள் உதிரிப்பாகச் சந்தையைத் தம் வசப்படுத்த விரும்புவதில் வியப்பில்லை.

இதனால் உள்ளூர் வர்த்தகருக்கு ஏற்படும் பாதிப்பு எவ்வாறானது என்பதைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். விற்பனை குறைகின்றது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் உண்மை விளங்காது. உதிரிப்பாகக் கடையில் இரண்டு வகைப் பொருட்கள் உண்டு. எண்ணெய், ஒயில் பில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக், செயின் போன்றவை நாளாந்தம் போகின்றவை. இவற்றில் போட்ட பணம் ஒரு மாதத்தில் திரும்பிவிடும். கியர் சில்லு, கிராங்க், பழைய ரகக் கார்பரேட்டரின் சிறு பாகங்கள், இயந்திரத்தின் தண்ணீர்ப் பம்பிக்குரிய இம்பெல்லர் போன்றவை எப்போதோ ஒரு முறை தேவைப்படுகின்றவை. அவை இரண்டு, மூன்று வருடங்கள் கூட இறாக்கையில் கிடக்கும். முதல் வகையில் வரும் பணத்தைக் கொண்டுதான் இரண்டாம் வகையைக் கடைக்காரர் வாங்கி வைத்திருக்கின்றார். கம்பனியின் சேவை நிலையம் எடுத்துக்கொள்வது முதல் வகையை. இலவச சேவைக்கு வரும் வண்டிக்கு எண்ணெயும் பில்டரும் பிளக்கும் அங்கேயே மாற்றப்பட்டு விடுகின்றன. எஞ்சுவது மெதுவாகப் போகும் சரக்கும் கடனும் மாத்திரமே.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பொருளின் அச்சிடப்பட்ட சில்லறை விலை 1,150 ரூபா. கடைக்காரருக்கு அது 1,000 ரூபாவுக்குக் கிடைக்கின்றது. போக்குவரத்துக்கும் கடை வாடகைக்கும் 60 ரூபா போக, மீதி 90 ரூபாதான். கம்பனி தனது காட்சியறையில் விழாக்காலக் கழிவு என்று 10 வீதத்தைக் குறைத்தால் அதே பொருள் 1,035 ரூபாவுக்கு வாடிக்கையாளருக்குக் கிடைக்கும். கடைக்காரர் அந்த விலைக்கு விற்றால் 25 ரூபா நட்டம். விற்காவிட்டால் 40 வருட வாடிக்கையாளரின் கண்ணில் அவர் கொள்ளை இலாபக்காரர். கம்பனிக்கு இந்தக் கழிவினால் நட்டமில்லை. இறக்குமதி விலைக்கும் மொத்த விலைக்கும் இடையிலுள்ள இலாபம் ஏற்கனவே அதன் கையில் இருக்கின்றது. இருவரும் ஒரே களத்தில் நிற்பது போலத் தோன்றினாலும், நிற்கும் படிகள் வேறு.

கடன் கொப்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்றொழிலாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் கரை மாறி வாடியடித்துத் தொழில் செய்யும் அவர், இயந்திரம் பழுதடைந்த அன்று கையில் பணத்துடன் கடைக்கு வருவதில்லை. பாகத்தை எடுத்துச் சென்று பூட்டி, தொழிலுக்குப் போய், மீன் விற்ற பின்னர் கொடுக்கின்றார். சில வேளைகளில் அடுத்த பருவத்தில்தான் கொடுக்கின்றார். இதற்கு வட்டி இல்லை, பிணை இல்லை, படிவம் இல்லை. வட்டியைத் தவிர்த்து வாழ விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கொப்பியின் பெறுமதி இன்னும் அதிகம். கம்பனிக் காட்சியறையில் இதற்கு இடமில்லை. அங்கே கடன் என்றால் லீசிங், லீசிங் என்றால் மாதத் தவணை. கடல் கொந்தளிக்கும் மாதத்துக்கும் அதே தவணைதான்.

ஆகவே உள்ளூர்க் கடை மூடப்பட்டால் நட்டம் கடைக்காரரோடு முடிந்துவிடுவதில்லை. ரொக்கம் கையில் உள்ளவருக்குக் காட்சியறை வசதியானது. ரொக்கம் இல்லாதவருக்குத்தான் சந்திக் கடை வேண்டும். விடியற்காலை 4 மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வந்து ஒரு ஷியர் பின்னையோ பிளக்கையோ எடுத்துக் கொடுக்கும் சேவை எந்த விலைப்பட்டியலிலும் சேர்வதில்லை.

இந்தப் பிரச்சினை கடந்த சில வருடங்களாக ஓரளவு மறைந்திருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. புதிய வண்டிகள் வராததால் பழைய வண்டிகளையே மக்கள் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. அதே வருடம் ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. படகுகள் பல கரையில் ஏற்றப்பட்டன. ஓடாத இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் தேவையில்லை. இவ்வாறு ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் பாகங்களில் கிடைத்ததை மறுபக்கம் படகு இயந்திரப் பாகங்களில் இழந்த கடைகள் உண்டு. 2025 பெப்ரவரி முதல் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. புதிய வண்டிகள் வருகின்றன. அவற்றுடன் உத்தரவாத அட்டைகளும் வருகின்றன. மறைந்திருந்த பிரச்சினை அதனால்தான் இப்போது மேலெழுந்துள்ளது.

உத்தரவாத அட்டைதான் நேரடி விற்பனையின் கூரிய ஆயுதம். வெளியில் வாங்கிய பாகத்தைப் பூட்டினால், அல்லது வெளித் திருத்துநரிடம் கொடுத்தால், உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை உலகெங்கும் கம்பனிகள் கையாளும் ஒன்று. பழுதுக்கும் அந்தப் பாகத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கே இடமிருக்காது. லீசிங் கடனில் வண்டி எடுத்த இளைஞர் அந்த அச்சத்தினால் சந்திக் கடையைத் தாண்டிச் சென்றுவிடுகின்றார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். மோட்டார் பந்தயத்துக்குரிய உதிரிப்பாகங்களுக்கு மன்னாரில் பெரிய சந்தை கிடையாது. கஜபா சுப்பர்குரொஸ் நடைபெறும் அநுராதபுரம் சாலியபுரத் திடல்தான் எமக்கு அண்மையிலுள்ள பந்தயத் திடல். ஆயினும் பந்தய வண்டியின் தோற்றத்தையும் சத்தத்தையும் தனது வண்டிக்குக் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் எங்கும் உள்ளனர். அவர்கள் கைபிடிகளையும் சைலன்சர்களையும் நிறச் செயின்களையும் இணையத்தில் வாங்குகின்றனர். பல வேளைகளில் அந்தப் பொருள் சீனாவிலுள்ள உற்பத்தியாளரின் களஞ்சியத்திலிருந்தே புறப்படுகின்றது. அமெரிக்காவில் பந்தய உதிரிப்பாகங்களை விற்ற சிறு கடைகளும் இதே நெருக்கடியைச் சந்தித்துள்ளன. கார்பரேட்டருக்குப் பெயர்பெற்ற ஹோலி போன்ற பழைமையான கம்பனியே இன்று பாவனையாளருக்கு இணையத்தில் நேரடியாக விற்கின்றது. அங்கே அந்தக் கடை விற்றது பொழுதுபோக்குக்குரிய பொருளை. மூடினால் ஒரு சிலரின் ஞாயிற்றுக்கிழமைதான் கெடும். மன்னாரில் கெடுவது திங்கட்கிழமையின் உழைப்பு.

மறுபக்கத்தையும் மறைக்காமல் கூறுவது பத்திரிகையின் கடமை. உள்ளூர் வர்த்தகர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று கூற எம்மால் முடியாது. போலிப் பாகத்தை அசல் பெட்டியில் போட்டு அசல் விலைக்கு விற்றவர்கள் உண்டு. நடுக்கடலில் அந்தப் பாகம் உடைந்தால் அது பண நட்டத்தோடு நிற்காது. உயிருக்கே ஆபத்து. 2022 இல் பழைய விலைக்கு வாங்கி வைத்திருந்த சரக்கை அன்றைய டொலர் விலைக்கு ஏற்றி விற்றவர்களும் உண்டு. பற்றுச்சீட்டுக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இன்றும் உள்ளனர். கம்பனியின் கடையில் விலை அச்சிடப்பட்டிருக்கும், பொருள் அசலாக இருக்கும், பற்றுச்சீட்டு கிடைக்கும். பாவனையாளர் அங்கு செல்வதற்கு இவையே போதுமான காரணங்கள். நேரடி விற்பனையைத் தடைசெய்ய வேண்டும் என்று சில வர்த்தகர்கள் எழுப்பும் கோரிக்கையை நாம் ஏற்காததும் இதனால்தான். தடை விதித்தால் போலிப் பாகங்கள் பெருகும். பாவனையாளருக்கு ஒரு வழி குறையும்.

தேவைப்படுவது வேறொன்று. தானே விற்கும் கம்பனி, பிறருக்கும் நியாயமான விலையில் பொருளை வழங்க வேண்டும். வெளியில் திருத்தினார் என்பதற்காக உத்தரவாதத்தை இரத்துச் செய்யக் கூடாது. இது புதுமையான கோரிக்கையல்ல. அயல்நாடான இந்தியாவில் போட்டி ஆணைக்குழு 2014 ஓகஸ்டில் 14 கார் கம்பனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி இந்திய ரூபா தண்டம் விதித்தது. அசல் உதிரிப்பாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் தமது வலையமைப்புக்குள்ளேயே வைத்திருந்ததும், வெளித் திருத்தகங்களுக்குச் சென்றவர்களின் உத்தரவாதத்தை மறுத்ததும் அவற்றின் மீதான குற்றங்கள். கம்பனிகள் மேன்முறையீடு செய்தன, தண்டத் தொகைகள் சில குறைக்கப்பட்டன. ஆனால் கொள்கை நிலைத்தது. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம், பிறர் தயாரித்த பாகத்தைப் பயன்படுத்தியதற்காக உத்தரவாதத்தை மறுப்பதைத் தடுக்கின்றது. அந்தச் சட்டத்தை மீறியதாக 2022 ஜூனில் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பனி மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2010 ஆம் ஆண்டு முதல் சுயாதீனத் திருத்துநர்களுக்குப் பாகங்கள் கிடைப்பதைத் தனி ஒழுங்குவிதியினால் பாதுகாத்து வருகின்றது.

எமது நாட்டின் நிலை என்ன? 1987 ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு ஏகபோகங்களையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. அந்தச் சட்டத்தை நீக்கி 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அமைக்கப்பட்டபோது, அந்த அதிகாரம் கைவிடப்பட்டது. போட்டிக்கு விரோதமான நடவடிக்கைகளை விசாரிக்கும் பொதுவான ஏற்பாடு மட்டும் எஞ்சியது. அதிகாரசபை என்றதும் மக்களுக்கு நினைவுக்கு வருவது அரிசி விலையும் பண்டிகைக்காலச் சோதனையும்தான். ஒரு முகவர் நிறுவனம் தனது சிறு வர்த்தகரை நெருக்குகின்றது என்ற முறைப்பாட்டுடன் மன்னாரிலிருந்து எவரேனும் அதன் படியேறினால் அதிகாரிகளே வியப்படைவார்கள். ஆயினும் சட்டத்திலுள்ள அந்த ஏற்பாடு இன்னும் உயிருடன்தான் இருக்கின்றது. ஆவணங்களுடன் தொடுக்கப்படும் ஒரு நல்ல முறைப்பாடு, பத்து மகஜர்களை விட வலிமையானது.

வன்னி மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் காணிப் பிரச்சினைக்கும் மீனவர் பிரச்சினைக்கும் குரல் கொடுக்கின்றனர், அது அவசியமானதே. உத்தரவாத நிபந்தனை பற்றிய ஒரு சிறு சட்டத் திருத்தத்துக்கும் அவர்கள் குரல் கொடுக்கலாம். அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லாத விடயம் அது. அரசாங்கமும் கொடையாளர்களும் மானியமாக வெளியிணைப்பு இயந்திரங்களை வழங்கும் போதெல்லாம், அந்த ரகத்துக்குரிய பாகங்களை மாவட்டத்திலுள்ள கடைகளுக்கு மொத்த விலையில் வழங்குவதை நிபந்தனையாக்கலாம். பாகம் கிடைக்காமல் ஒரு வருடத்தில் வாடியின் மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட மானிய இயந்திரங்களை இந்தக் கரையில் பார்க்காதவர் யார்?

வர்த்தகர்கள் தாமே செய்யக்கூடியதும் உண்டு. தனித்தனியாகப் பஞ்சிகாவத்தைக்குச் சென்று சிறு தொகையில் வாங்குவதால் அவர்களுக்குப் பேரம் பேசும் பலம் இல்லை. பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து ஒரே கட்டளையாகக் கொடுத்தால் முகவர் நிறுவனம் அவர்களைத் தேடி வரும். மெதுவாகப் போகும் பாகங்களை எல்லோரும் வாங்கி வைக்காமல், ஒரு ரகத்தை ஒருவர் என்று பிரித்து வைத்துக்கொண்டால் முடங்கும் முதலும் குறையும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நீண்ட காலமாக இயங்கிவரும் மாவட்டத்துக்கு இது அந்நியமான யோசனையல்ல. இதற்குத் தடையாக இருப்பது பணமல்ல என்பதை நாம் வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது. தமிழ்க் கடை, முஸ்லிம் கடை என்ற பிரிவும், 1990 இற்குப் பின்னர் யார் இடத்தில் யார் வந்தார்கள் என்ற மனக்கசப்பும், திரும்பி வந்தவர்களுக்கும் இங்கேயே இருந்தவர்களுக்கும் இடையிலான சந்தேகமும்தான் தடை. கம்பனியின் விலைப்பட்டியலில் இந்தப் பிரிவு எதுவும் இல்லை. இரு சாராருக்கும் அது ஒரே கழிவைத்தான் கொடுக்கின்றது. ஒரே கழிவைத்தான் மறுக்கின்றது.

தொழில் குறையும் மாதங்களில்தான் மீனவர்கள் இயந்திரங்களைக் கழற்றி முழுமையாகத் திருத்துவது வழக்கம். பிஸ்டன் ரிங், பெயாரிங், இம்பெல்லர் ஆகியவற்றின் தேவை அப்போது உச்சத்தில் இருக்கும். கூட்டுக் கொள்வனவை அந்த மாதங்களுக்கு முன்னர் ஒரு தடவை, ஒரே ரக இயந்திரத்தின் பாகங்களில் மட்டும், பரீட்சித்துப் பார்க்கலாம். இதற்குச் சங்கமோ யாப்போ தேவையில்லை. பெரிய கடைத்தெருவிலிருந்து ஐந்து பேர் ஒரு மாலைப் பொழுதில் ஒரே மேசையில் தமது கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளை விரித்து வைத்தால், ஒரே பாகத்துக்கு அவர்கள் ஐவரும் எத்தனை விலை கொடுத்திருக்கின்றார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.